அஞ்சு பேர் புத்தகத்தில் என் கை

அந்தப் புத்தகத்தில் வந்த ஐந்து வீரர்களும் எங்கள் காம்பவுண்டுப் பிள்ளைகள். அறுபதுகளில் திருச்சியில் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் சிலருக்கு அந்த மாதப் படக்கதை நினைவிருக்கலாம். மட்டமான தாள், அட்டைக்கு மட்டும் கலர். மலைக்கோட்டைக்கு அடியில் ஒரு சுனை இருப்பதாகவும், அதில் தண்ணீர் குடித்த ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சக்தி வந்துவிட்டதாகவும் கதை. பகலில் ஸ்கூலுக்குப் போவார்கள். ஊருக்கு ஆபத்து என்றால் முகமூடி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதற்கு முறையான ஒரு தலைப்பு உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. "அஞ்சு பேர் புத்தகம் வந்துருச்சா?" என்றுதான் கடையில் கேட்போம்.

தென்னூரில் எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடுகள், நடுவில் ஒரு கிணறு, அதைச் சுற்றித் துவைக்கிற கல். வீட்டுக்காரர் வீட்டுக்கு மட்டும் மொட்டை மாடி உண்டு. அவருடைய இரண்டு மகன்கள், பெரிய கடைவீதியில் செருப்புக்கடை வைத்திருந்த பாயின் மகன், கோடி வீட்டுப் பெண், என் பக்கத்து வீட்டுத் தோழி, நான் என்று ஆறு பேர் ஏறக்குறைய ஒரே வயது. பக்கத்து வீட்டுக்காரிக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். காலையில் அவள் சுவரைத் தட்டினால் நான் எழுந்துகொள்வேன். அவள் எனக்குத் தலை பின்னிவிடுவாள், நான் அவளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பேன். ஒரே தட்டில் பழையது சாப்பிட்டிருக்கிறோம்.

எனக்குப் பதினொரு வயதில் வலது கைச் சுண்டுவிரல் நுனியில் வெள்ளை விழுந்தது. சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து அம்மா தேங்காய் நார் வைத்துத் தேய்த்தாள். போகவில்லை. அடுத்த வருடத்துக்குள் இரண்டு கை விரல்களிலும் மணிக்கட்டிலும் படர்ந்துவிட்டது. பெரியாஸ்பத்திரி டாக்டர் என் கையைத் தன் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது குஷ்டம் இல்லம்மா. யாருக்கும் தொத்தாது. தோல்ல நிறம் குறைஞ்சு போச்சு, அவ்வளவுதான்," என்றார். அம்மா அந்த வார்த்தையைக் காம்பவுண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி வாங்கி அரைத்துப் பூசி வெயிலில் உட்கார வைத்தாள். கொப்புளம் வந்தது, வெள்ளை அப்படியே இருந்தது. காம்பவுண்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரையும்போல நானும் கிணற்றில் தண்ணீர் சேந்தினேன். தோழியின் அம்மா முறுக்கு சுட்டால் முதல் முறுக்கு என் கையில்தான் விழும்.

அந்தத் தோழியின் தாய்மாமன்தான் படக்கதைக்காரர். மருங்காபுரிப் பக்கத்திலிருந்து வந்து அக்கா வீட்டில் தங்கி, ஒரு அச்சாபீசில் வேலை பார்த்தார். பீடிக்கட்டு லேபிள், ஊதுபத்தி அட்டை, காலண்டர் என்று எல்லாவற்றுக்கும் படம் வரைவார். மெலிந்த உடம்பு, சத்தம் போட்டுப் பேச மாட்டார். வேலை முடிந்து வரும்போது பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் வாங்கிவருவார். நாங்கள் எல்லோரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபமாகப் போய்விடும். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அச்சாபீஸ் முதலாளி சிறுவர் படக்கதை ஒன்று போடலாம் என்று சொன்னதும் மாமா எங்களைத்தான் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் வரிசையாக நிற்க வைத்து வரைந்தார். வீட்டுக்காரரின் மூத்த மகனுக்கு லாரியைத் தூக்குகிற பலம், இளையவனுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்கிற கண். பாய் மகன் காற்றைவிட வேகமாக ஓடுவான். கிணற்றில் எட்டிப் பார்க்கவே பயப்படுகிற கோடி வீட்டுப் பெண் காவிரிக்கு அடியில் நாள் முழுக்க மூச்சு விடாமல் இருப்பாள். என் தோழி கைதட்டினால் நெருப்பு வரும்.

"எனக்கு என்ன மாமா?" என்று கேட்டேன்.

"உன்னோடதுதான் எல்லாத்துலயும் பெருசு. பொறுத்திருந்து பாரு."

என்னைத் தனியாக நிற்க வைத்தார். "கையை வெயிலுக்கு நேரா நீட்டு. விரலை நல்லா விரி. அப்படியே வெச்சுக்க." மற்றவர்களை வரைந்ததைவிட அதிக நேரம் என் கையை வரைந்தார். தோள் வலித்தது. அசையாமல் நின்றேன். "மேப் மாதிரி என்னமா விழுந்திருக்கு, பாரேன்," என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெள்ளை விழுந்ததிலிருந்து என் கையைப் பார்த்து யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

முதல் புத்தகம் வந்தது. அட்டையில் ஐந்து பேர். உள்ளே பக்கம் பக்கமாகத் தேடினேன், நான் இல்லை. மாமா சிரித்தார். "உன்னோட என்ட்ரி ரெண்டாவது புத்தகத்துலடி. கதையே அங்கதான் சூடு பிடிக்குது."

ஒரு மாதம் காத்திருந்தேன். ஸ்கூலில் ஒரு பெண் விடாமல் சொல்லிவைத்தேன்.

இரண்டாவது புத்தகத்தைத் தோழியும் நானும்தான் போய் வாங்கினோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வாங்கி, அங்கேயே நின்று பிரித்தோம். கொள்ளிடத்து மணலுக்கு அடியிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். ரிப்பன் வைத்த இரட்டைப் பின்னல், முன் பற்களுக்கு நடுவில் சந்து, இடது புருவத்தில் சின்ன வெட்டு. நான்தான். முதலில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மற்ற ஐந்து பேரின் முகமும் முகமூடிக்குள் யார் முகமோபோல இருக்க, என் முகம் மட்டும் அச்சு அசலாக இருந்தது. பிறகு தோழி பக்கத்தைத் திருப்பினாள். அந்தப் பெண்ணின் கையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. வாழைமரத்தைத் தொட்டாள், மரம் வெளுத்து விழுந்தது. பசுமாட்டைத் தொட்டாள், மாடு வெளுத்து விழுந்தது. அடுத்தது தொட்டிலில் ஒரு குழந்தை. கீழே பெரிய எழுத்தில், "இவள் தொட்டால் வெளுக்கும்! வெளுத்தால் அழியும்!" அவளுக்குப் பெயர் வெள்ளைக்கை.

தோழி புத்தகத்தை மூடினாள். "நீ கெட்டவளா வர்ற."

"மாமா ஏன் இப்படிப் போட்டாரு?"

"கதைக்குத்தானே? யாராச்சும் கெட்டவ வேணும்ல," என்றாள். பிறகு எத்தனையோ பேர் அதே வார்த்தையை என்னிடம் சொன்னார்கள். முதலில் சொன்னவள் அவள்தான்.

வீட்டுக்கு வருவதற்குள் காம்பவுண்டுப் பையன்கள் புத்தகத்தை முடித்திருந்தார்கள். அன்று சாயங்காலமே விளையாட்டு ஆரம்பமாகிவிட்டது. நான் துரத்த வேண்டும், அவர்கள் ஓட வேண்டும். நான் தொட்டால் அவர்கள் விறைத்து விழ வேண்டும். முதல் நாள் நானும் துரத்தினேன். என்னைச் சேர்த்துக்கொண்டு விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நாலைந்து நாளில் விளையாட்டு முடிந்த பிறகும் அவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். செருப்பு மாட்டப் போனால் ஓட்டம், திண்பண்டம் நீட்டினால் ஓட்டம். பாய் மகன் ஒரு தடவை நிஜமாகவே பயந்து கத்தினான். அவன் முகத்தைப் பார்த்தேன், அதில் விளையாட்டு இல்லை.

ஸ்கூலில் அதைவிட மோசம். புத்தகத்தில் நான் வரப்போகிறேன் என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதனால் யாரும் சந்தேகப்பட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவள் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள், மறுநாள் இன்னொரு சாண். தண்ணீர்ப் பானைப் பக்கம் போனால், "ஏ வெள்ளைக்கை, டம்ளரைத் தொடாத!" என்று குரல் வரும். டீச்சர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்: "கொஞ்ச நாளைக்கு ஜன்னல் பக்கத்துல தனியா உக்காரும்மா. பிள்ளைங்க பயப்படுறாங்க, சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க." அந்தக் கொஞ்ச நாள் வருடப் பரீட்சை வரைக்கும் நீண்டது.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு மத்தியானம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் படித்தாள். தொட்டில் படத்துக்கு வந்ததும் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவருடைய அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இது என் பொண்ணு கைதானே?" என்று அம்மா கேட்டாள்.

மாமா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அக்கா, கதைதானேக்கா. கற்பனை. நான் அதை மனசுல வெச்சுக்கிட்டுப் போடல."

"மனசுல வெக்காம பல்லு சந்து வரைக்கும் வந்துருச்சாப்பா?"

"நல்லவங்க மட்டும் வந்தா யாரு படிப்பாக்கா? கெட்டவங்கன்னு ஒரு அடையாளம் வேணும்ல. பாத்த உடனே பிள்ளைங்களுக்குத் தெரியணும்."

"பாத்த உடனே தெரியுறதுக்கு என் பிள்ளையோட கைதான் கெடச்சுதா? டாக்டர் சொன்னதை உங்க அக்காகிட்ட நான்தானே வந்து சொன்னேன்? உனக்கும் தெரியும்தானே?"

மாமா தலை குனிந்துகொண்டார். அவர் அக்காதான் பதில் சொன்னாள். "சாப்பிடுற பிள்ளைய ஏன் இப்படி நிக்க வெச்சுக் கேக்குற? ஊரே அவன் புத்தகத்தைக் கேட்டு வாங்குது. இப்பத்தான் அவனுக்கு ஒரு நல்ல காலம் பொறந்திருக்கு. உன் பொண்ணும் அதுல வர்றான்னு சந்தோஷப்படுவியா?"

அம்மா திரும்பி வந்து, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து என் தலையில் எண்ணெய் வைத்தாள். அன்றைக்கு எண்ணெய் வைக்கிற நாள் இல்லை.

அப்பா மின்சார ஆபீசில் குமாஸ்தா. யாரிடமும் குரல் உயர்த்தாதவர். சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டு அச்சாபீசுக்குப் போனார். முதலாளி அவரை உட்கார வைத்துக் காப்பி வரவழைத்துக் கொடுத்தாராம். "சார், உங்க பொண்ணுன்னு எங்கயாச்சும் பேர் போட்டிருக்கமா? பேர் போடலையே, அப்புறம் என்ன சார்? நீங்களே வெளிய சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?" அப்பா அதை அப்படியே வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "மரியாதையாத்தான் பேசினாரு," என்றார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். இதை எழுதுகிறபோது நானும் யார் பேரையும் போடவில்லை. பேர் போடாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பது அந்த முதலாளி சொல்லிக்கொடுத்ததுதான்.

வெள்ளைக்கைதான் அந்தப் புத்தகத்திலேயே எல்லோருக்கும் பிடித்துப்போனாள். ஒவ்வொரு மாதமும் முடிவில் அவளை மலைக்குள் அடைப்பார்கள், அடுத்த மாதம் தப்பி வந்துவிடுவாள். மாமா அவளைத்தான் நன்றாக வரைந்தார். ஐந்து பேரும் பொம்மை மாதிரி நிற்பார்கள், அவள் மட்டும் உயிரோடு இருப்பாள். என் கையில் புதிதாக ஒரு திட்டு வந்தால் இரண்டு மாதத்தில் அவள் கையிலும் வந்துவிடும். ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் வரைந்திருப்பார். நான் முழுக்கை ரவிக்கை போட ஆரம்பித்தேன்.

கிணற்று விஷயம் அந்த ஆடியில் வந்தது. ஆறாவது வீட்டுக்கு உப்பிலியபுரத்திலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. கைக்குழந்தைக்காரி. அவள் தம்பி அந்தப் புத்தகத்தைப் படிக்கிறவன். வந்த வாரமே அவள் காம்பவுண்டு வீட்டுக்காரரிடம் போய், "அந்தப் பொண்ணு கிணத்துக் கயித்தைத் தொடுதுங்க. எங்க வீட்ல பச்சைப் பிள்ளை இருக்கு," என்றாள். அவள் வெளியூர்க்காரி, புதியவள். அவளை நான் குற்றம் சொல்லவில்லை. மற்ற குடித்தனக்காரர்கள் எதற்காகக் கூட்டம் கூடினார்கள்? இரண்டு வருடமாக நான் சேந்திய தண்ணீரில் அவர்கள் சோறு பொங்கியிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைத்திருக்கிறேன். டாக்டர் சொன்னது, கண்ணால் பார்த்தது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு படத்தை நம்பினார்கள். வீட்டுக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு மட்டும் கிணத்துப் பக்கம் வராம பாத்துக்கங்க. உங்க வீட்டம்மா தாராளமா எடுக்கலாம்," என்றார். செருப்புக்கடை பாய் வீட்டம்மா மட்டும் எழுந்து, "இது நியாயமில்லீங்க, அல்லாவுக்கே அடுக்காது," என்று சொன்னதாக அம்மா சொன்னாள். தோழியின் அம்மா அந்தக் கூட்டத்தில் வாயே திறக்கவில்லையாம்.

அதற்குப் பிறகு காலையில் சுவர் தட்டுகிற சத்தம் நின்றுபோயிற்று. எந்த நாளிலிருந்து என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தட்டாத காலைகள் நிறைய ஆன பிறகுதான் கவனித்தேன்.

தை மாதம் அச்சாபீஸ்காரர்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு விழா வைத்தார்கள். வாசகர் பிள்ளைகளெல்லாம் வருவார்கள், ஐந்து பேரும் மேடையில் வேஷத்தோடு தோன்றுவார்கள், கோலப்போட்டி, பரிசு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். விழாவுக்கு முந்தின வாரம் தோழி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். அம்மா உள்ளே இருந்தாள்.

"நீயும் வரணும்னு மாமா கேட்டாரு. எல்லாரும் உன்னைத்தான் கேக்குறாங்களாம்."

"என்னையா, வெள்ளைக்கையவா?"

"ரெண்டும் ஒண்ணுதானே." சொன்ன பிறகு அவளுக்கே உறைத்திருக்க வேண்டும், தரையைப் பார்த்துக்கொண்டாள். "நீ வந்தா நல்லா இருக்கும். நாம ஆறு பேரும் ஒண்ணாப் போயி எவ்வளவு நாளாச்சு."

அம்மா உள்ளேயிருந்து, "அதெல்லாம் அவ வரமாட்டா," என்றாள். நான் வருகிறேன் என்றேன். அம்மா எவ்வளவோ திட்டினாள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நாம ஆறு பேரும் என்று அவள் சொன்னாள், அது போதுமாக இருந்தது.

பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னலோரம் என்னை உட்கார வைத்தார்கள். ஐந்து பேரும் பாட்டுப் பாடினார்கள், நானும் பாடினேன். அந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க முடியாது.

விழா நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். மேடைக்குப் பின்னால் ஒரு அறையில் வேஷம் மாற்றிக்கொண்டோம். எனக்கு ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தி, ரவிக்கைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டார் மாமா. அவர் முகத்தில் வேர்வை. "சும்மா வந்து நில்லு. அவங்க அஞ்சு பேரும் உன்னைச் சுத்திப் பிடிப்பாங்க. நீ முட்டி போடு. அவ்வளவுதான்," என்றார். ஐந்து பேரும் முகமூடியும் சிவப்புச் சட்டையும் போட்டிருந்தார்கள். கடைசியாகப் பையிலிருந்து எதையோ எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். கையுறை. சிவப்புத் துணியில் தைத்த கையுறை, மணிக்கட்டு வரைக்கும் வந்து நாடாவால் கட்டுகிற மாதிரி.

புத்தகத்தில் அவர்களுக்குக் கையுறை கிடையாது. எந்த இதழிலும் இல்லை. எனக்கு ஒவ்வொரு படமும் மனப்பாடம்.

"இது எதுக்கு?" என்று தோழியிடம் கேட்டேன்.

"டிரெஸ்ஸோட சேத்தி."

"யாரு தெச்சா?"

நாடாவைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா."

மேடைக்குப் போனோம். மண்டபம் நிறையப் பிள்ளைகள். நான் வந்ததும் எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. யாரையும் அவர்கள் அப்படி வரவேற்கவில்லை. பயந்துகொண்டே சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே காகிதத்தைக் கசக்கி எறிந்தார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் தன் மகளின் கையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். அந்தக் கையிலும் வெள்ளை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஐந்து பேரும் என்னைச் சூழ்ந்து பிடித்தார்கள். என் தோழி என் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். நாலு வயதிலிருந்து நான் பிடித்த கை, துணிக்குள்ளிருந்து என்னைத் தொட்டது. நான் முட்டி போட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். மற்றவர்கள் வேஷத்தைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டார்கள். அவள் கையுறையோடு இருந்தாள்.

"அம்மாதான் போட்டுக்கச் சொன்னா. இல்லாட்டி மேடையில ஏறக் கூடாதுன்னுட்டா. எனக்கு ஒண்ணும் இல்ல, உனக்கே தெரியும்," என்றாள்.

"அப்ப இப்பக் கழட்டு."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பாலம் வந்தது, போயிற்று. தென்னூரில் இறங்கும்வரை கழற்றவில்லை.

அந்தக் கோடையில் நாங்கள் காம்பவுண்டைக் காலி செய்தோம். ஸ்ரீரங்கத்தில் அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர் ஒரு சின்ன வீடு பார்த்துக் கொடுத்தார். தனிக் குழாய் உள்ள வீடு என்பதுதான் அம்மா கேட்ட ஒரே வசதி. வண்டியில் சாமான் ஏறும்போது எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். "அடிக்கடி வாங்க," என்றார் வீட்டுக்காரர். புது வீட்டுக்குப் போன பிறகு திட்டு முகத்துக்கும் ஏறியது, வாயோரத்திலும் கண்ணிமையிலும். அங்கேயும் புத்தகம் வந்திருந்தது. பிள்ளைகள் என்னைக் கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஒரு வருடம் கழித்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு புத்தகம், இன்னும் மை வாசனை போகாதது. அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை, அவரும் நின்றுகொண்டே பேசினார்.

"புத்தகத்தை நிறுத்தப் போறாங்கக்கா. எனக்கு மெட்ராஸ்ல வேற இடம் கெடச்சிருக்கு. இதுதான் கடைசி. போறதுக்கு முன்னாடி ஒரு நல்ல காரியம் பண்ணணும்னு நெனச்சேன்." புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "கடைசிப் பக்கத்தைப் பாரும்மா."

பார்த்தேன். ஐந்து பேரும் வெள்ளைக்கையைச் சுனைக்கு அழைத்துப் போகிறார்கள். அவள் அந்தத் தண்ணீரில் கையைக் கழுவுகிறாள். வெள்ளையெல்லாம் கரைந்து போகிறது. கை எல்லோர் கையும்போல ஆகிவிடுகிறது. "இனி நீயும் எங்களில் ஒருத்தி!" என்கிறார்கள். அவளுக்கும் ஒரு முகமூடி கொடுக்கிறார்கள். கடைசிப் படத்தில் ஆறு பேர் நிற்கிறார்கள்.

"பாத்தியா, உன்னை நல்லவளாக்கிட்டேன். சேத்துட்டேன்ல?" அவர் கண் கலங்கியிருந்தது. அவர் நிஜமாகவே எனக்கு எதையோ கொடுத்துவிட்டதாக நம்பினார்.

"கை சரியாகலைன்னா சேத்துக்க மாட்டாங்களா, மாமா?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். இமையில் இருந்த வெள்ளையை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "இல்லம்மா... கதை முடியணும்ல," என்றார். அம்மா, "போயிட்டு வாப்பா," என்றாள். அவர் போனார். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை. மெட்ராஸில் நன்றாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நன்றாக இருக்கட்டும். அவர் மனசில் கெட்ட எண்ணம் இல்லை என்று எத்தனையோ பேர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் தெரியும். அது எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டீச்சர் டிரெய்னிங்குக்குப் போட்டேன். நேரில் பார்த்ததும் வேண்டாம் என்றுவிட்டார்கள். பிள்ளைகள் பயப்படுவார்களாம். கடைசியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. அங்கே குரல் மட்டும் போதும். "நம்பர் ப்ளீஸ்" என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவர்கள் மரியாதையாகப் பேசுவார்கள். உங்க குரல் ரொம்ப இனிமையா இருக்கும்மா என்று யாரோ ஒரு வியாபாரி ஒரு தடவை சொன்னார். பக்கத்து நாற்காலிக்காரி தன் டிபன் டப்பாவை எனக்குக் காட்டாமல் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். கல்யாணம் நடக்கவில்லை. அந்தப் புத்தகத்தால்தான் என்று சொல்ல மாட்டேன். அது வராமலிருந்தாலும் அநேகமாக நடந்திருக்காது. ஆனால் அது வராமலிருந்தால் எனக்குப் பதினாலு வயது வரைக்குமாவது ஒரு கிணறும் ஒரு தோழியும் இருந்திருக்கும்.

தோழிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அவளும் அவள் அம்மாவும் பத்திரிகை வைக்க ஸ்ரீரங்கத்துக்கு வந்தார்கள். அவள் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள். பட்டுப்புடவை, கை நிறைய வளையல். அவள் அம்மா குங்குமச் சிமிழை என் அம்மாவிடம் நீட்டினாள். அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு சிமிழ் என் பக்கம் வரவேண்டும். அவள் அம்மா அதை மூடித் தட்டில் வைத்துவிட்டு வெற்றிலையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். தோழி அதைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவள் கை தட்டுப் பக்கம் போனது. அவள் எடுத்து நீட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பத்திரிகையை எடுத்து, என் முன்னால் தரையில் வைத்தாள்.

"கண்டிப்பா வரணும், சொல்லிட்டேன்," என்றாள்.

"வரேன்," என்றேன்.

நான் போகவில்லை, அம்மா போய்விட்டு வந்தாள். புடவையை மாற்றிக்கொண்டு, காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கூட்டம் எப்படி, மாப்பிள்ளை எப்படி என்று அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா முந்தானையால் காலைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில், "சாப்பாடு நல்லா இருந்துச்சு," என்றாள்.